இரண்டு தகடுகளுக்கு நடுவில்

மச்சினன் உதடுகளை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு ஒலி எழுப்பினான். தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு சுற்றுவது போல இருந்தது.

“இப்படித்தான் மாமா. ஷிஃப்டுக்குப் போனதுலேர்ந்து திரும்பற வரைக்கும் இதே பாட்டு. கேட்டுக் கேட்டு எனக்குத் தாலாட்டு மாதிரி ஆயிடுச்சு.”

“வாயில சோத்தை வெச்சுக்கிட்டுப் பாடாதடா,” என்றாள் அவன் அக்கா. “மூக்குல ஏறிடப் போவுது.”

“ஏறட்டும். எங்க பிளான்ட்ல வேலை செய்யறவனுக்கு மூக்கு எதுக்கு? அமோனியாவுல அது எப்பவோ செத்துப்போச்சு.”

அவள் சிரித்தாள். அவள் கணவர் சிரிக்கவில்லை. அவர் விரல்கள் தட்டில் அப்படியே நின்றன.

“எந்தக் கூலர் பாடுது?”

“உங்க கூலர்தான். நீங்க டிராயிங் போட்டது. வேற எது?”

“எப்போலேர்ந்து?”

“புதுப் பம்பு வந்ததுலேர்ந்து.”

“என்ன புதுப் பம்பு?”

மச்சினன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சொல்ல அவனுக்குப் பிடித்த விஷயம் அது. வெயில் ஏறியதும் தொட்டித் தண்ணீர் சூடாகிவிட்டது. கூலரில் இறங்க வேண்டிய சூடு இறங்கவில்லை. உற்பத்தியைக் குறைக்க மேலிடத்துக்கு மனமில்லை. பழைய பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய பம்பு ஒன்றை இறக்கினார்கள்.

“தண்ணி சும்மா பிச்சுக்கிட்டுப் போவுது மாமா. வால்வைத் தொறந்து விட்டது நான்தான். டெம்பரேச்சர் அப்படியே படுத்துடுச்சு. அதிகாரி என் முதுகுல தட்டினாரு.”

“வால்வு முழுசாவா தொறந்திருக்கு?”

“முழுசா.”

அவர் கை கழுவ எழுந்தார்.

“என்னங்க, சோறு அப்படியே கிடக்கு?”

“போதும்.”

அலுவலகத்தில் அவருக்கு மில்லி என்று பெயர். எந்த அளவையும் மில்லிமீட்டரில்தான் சொல்வார். வீட்டு ஜன்னலுக்குத் திரை வாங்கப் போன இடத்தில் ஆயிரத்து இருநூறு வேண்டும் என்று கேட்க, கடைக்காரர் எத்தனை வீட்டுக்கு என்று திருப்பிக் கேட்டாராம். ஒரு சொட்டுக் குடிக்காத மனிதனுக்குப் போய் மில்லி என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று மச்சினன் அடிக்கடி வருத்தப்படுவான்.

கூலர்களை வடிவமைப்பது அவர் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் கூலர் ஒரு பெரிய இரும்பு உருளை. உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் நீளவாக்கில் கிடக்கும். குழாய்களுக்குள் சூடான அமோனியாக் கரைசல். வெளியே, உருளைக்குள், குளிர்ந்த தண்ணீர். தண்ணீரை நேராக விட்டால் சூட்டை வாங்காமலே போய்விடும். அதற்காகக் குறுக்கே தகடுகள் வைப்பார்கள். ஒரு பக்கம் நறுக்கிய வட்டத் தகடுகள். ஒன்றில் வழி மேலே, அடுத்ததில் கீழே. தண்ணீர் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். குழாய்களைத் துளைகளில் கோத்துத் தாங்கிக்கொண்டிருப்பதும் அதே தகடுகள்தான்.

நெருக்கி வைத்தால் தண்ணீர் வேகமாகப் பாயும், சூடு நன்றாக இறங்கும். ஆனால் அதைத் தள்ளுவதற்குப் பம்பில் தெம்பு வேண்டும். தள்ளி வைத்தால் பம்புக்குச் சுலபம், குழாய்க்குப் பிடிமானம் குறையும். எவ்வளவு தள்ளி வைப்பது என்று முடிவு செய்வதில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

மச்சினனின் ஆலைக்கு அவர் முதலில் போட்ட அளவு இருநூற்று ஐம்பது. ஆலையில் இருந்த பம்பு கிழட்டுப் பம்பு. அந்த நெருக்கத்தில் அதனால் தண்ணீரைத் தள்ள முடியாது. உருளையைப் பெரிதாக்கலாம் என்றார். அந்த அளவு உருளைக்கு இரும்பு வர மாதக்கணக்கில் ஆகும் என்று அவர் கம்பெனி முதலாளி மறுத்துவிட்டார். முந்நூற்று இருபது போட்டுப் பார்த்தார். அதற்கும் பம்பு மூச்சு வாங்கியது. கடைசியில் நானூற்று இருபது. தகட்டின் நறுக்கிய பக்கத்தில் இருக்கும் குழாய்களுக்கு ஒன்று விட்டு ஒரு தகட்டில்தான் பிடி. அவை எண்ணூற்று நாற்பதுக்குத் தாங்கலில்லாமல் கிடக்கும். வடிவமைப்பு விதி அதற்கு மேலும் இடம் கொடுத்தது. அதிர்வுக் கணக்கையும் பார்த்தார். அந்தப் பம்பு தரும் தண்ணீருக்குக் குழாய் அசையாது. கையெழுத்துப் போட்டார்.

பம்பு கிழடு என்பதற்காகத் தகடுகளைத் தள்ளி வைத்தார். இப்போது பம்பு கிழடு இல்லை. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. தகடுகள் ஏன் தள்ளி இருக்கின்றன என்று ஆலைக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டு முன்னறையில் அவள் இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். பக்கத்துத் தெருக்களிலிருந்து துணி வரும். அந்தக் கோடையில் பெட்டியின் சூடும் கூரையின் சூடும் சேர்ந்து அறையில் நிற்க முடியவில்லை. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தேய்த்தாள். துண்டு கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மறுபடி நனைத்துக்கொள்வாள்.

மறுநாள் காலை மில்லி அலுவலகத்துக்குக் கிளம்பாமல் அங்கே வந்து நின்றார்.

“பாடினா என்னங்க?” என்றாள் அவள். “மெஷின்னா சத்தம் வராதா?”

அவர் கொல்லையைக் காட்டினார். கொடியில் சட்டைகள் தொங்கின.

“கொடிக்கு நடுவுல கழி முட்டுக் கொடுக்கறே. எதுக்கு?”

“காத்துல ஆடும். தொய்யும்.”

“கழியை எடுத்துட்டா?”

“ஆடி ஆடிக் கொக்கிகிட்ட கயிறு தேஞ்சு அறுந்துடும். போன வருஷம் அறுந்துச்சே, சகதியில விழுந்து எல்லாத்தையும் திரும்பத் துவைச்சேனே.”

“அதேதான். காத்துக்குப் பதிலா தண்ணி. தகட்டுத் துளையில உரசி உரசிக் குழாய் தேயும்.”

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அறுந்தா?”

“அமோனியா வெளிய வரும்.”

“அவன் நிக்கிற இடத்துலயா?”

“அவன் நிக்கிற இடத்துலதான்.”

அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள். கல்யாணத்தின்போது அவனையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லி வந்தவள். ஆலையில் அவனைச் சேர்த்துவிடச் சொல்லிக் கணவரை நச்சரித்ததும் அவள்தான். சட்டைக் காலரை மடித்து ஒருமுறை தேய்த்தாள். அதே காலரை இன்னொருமுறை தேய்த்தாள்.

“உங்க கணக்கு தப்பா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“கணக்கு சரி. பம்பு வேற.”

முதலாளி மேசையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“பம்பு மாத்தினதா நமக்கு எழுதினாங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப நமக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

“சோத்துத் தட்டு முன்னாடி தெரிஞ்சதெல்லாம் தெரிஞ்சதுல சேராது மில்லி.”

“குழாய் அறுந்துடும் சார்.”

“இப்ப நாமளாப் போய் உங்க மெஷின் அறுந்துடும்னு சொன்னா என்ன கேப்பான்? ஏன்யா அப்படிக் கட்டினேன்னு கேப்பான்.”

“கேக்கட்டும். காரணம் இருக்கு.”

“உனக்கென்ன, கேக்கட்டும்னு சொல்லிடுவே. வாசல் பலகையில இருக்கறது என் பேரு. உன் பேரா இருக்கு? போ, போய் அந்த ஆவிக் குழாய் வேலையை முடி.”

அன்று மாலை மச்சினனிடம் சொன்னார்: வால்வைக் கால்வாசி மூடு, யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், பாட்டு நின்றுவிடும். அவன் தலையாட்டினான். மாமா சொன்னால் அவன் மறுத்துப் பேசுவதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் அவர் நடையைப் போலவே நடந்து காட்டுவான், அவ்வளவுதான்.

மூடினான். பாட்டு நின்றது. உச்சி வெயிலில் டெம்பரேச்சர் ஏறியது. வால்வில் யார் கை வைத்தது என்று அதிகாரி எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டு, மறுபடி முழுசாகத் திறக்க வைத்தார்.

அவன் வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மாமா, உங்க பேச்சைக் கேட்டு இன்னிக்கு நாய் படற பாடு பட்டேன். நிரந்தரம் பண்றதுக்கு என் பேரை எழுதியிருக்காங்க. அதுல மண்ணைப் போட்றாதீங்க.”

“ஏன்னு அவர்கிட்ட சொன்னியா?”

“எங்க மாமா சொன்னாருன்னா? உங்க மாமா வந்து உற்பத்தி காட்டுவாரான்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

“வேற இடத்துக்கு மாத்திக் கேளு. கூலர் பக்கமே நிக்காத.”

“அங்க நின்னுதானே முதுகுல தட்டு வாங்கினேன். நீங்க ஒண்ணு.”

அவன் உள்ளே போய்க் குளித்தான். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவள் சோறு போட்டு வைத்துவிட்டு வந்து கணவர் பக்கத்தில் நின்றாள்.

“அவனைப் போட்டு ஏன் வறுக்கறீங்க? அவன் சின்ன ஆளு. அவன்கிட்ட சொல்லி ஆகப் போறது என்ன? பெரிய ஆளைப் பாருங்க.”

“முதலாளி வேணாங்கறாரு.”

“முதலாளியோட தம்பியா அங்க நிக்கறான்?”

அவர் மறுநாள் உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு ஆலைக்குப் போனார்.

பராமரிப்பு அதிகாரி பருத்த மனிதர். உள்சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கூலர் வரைக்கும் கூட வந்தார். வெயிலில் இரும்புப் படிகள் கொதித்தன. மச்சினன் தூரத்தில் அளவுமானியைத் துடைப்பது போல் நின்றுகொண்டு, தெரியாதவன் மாதிரி மாமாவைப் பார்த்தான்.

மில்லி உருளையின் மேல் உள்ளங்கையை வைத்தார். கேட்க வேண்டியதே இல்லை. அதிர்வு முழங்கை வரைக்கும் வந்தது.

“எங்க வீட்டு ஃபிரிட்ஜும்தான் பாடுது சார்,” என்றார் அதிகாரி. “அதுக்காகப் பாலை வெளியவா வைக்கிறோம்?”

“பழைய பம்புக்குப் போட்டது சார் இது. இந்தத் தண்ணிக்குத் தாங்காது. உள்ள குழாயெல்லாம் தகட்டுல உரசிக்கிட்டு இருக்கு. இந்நேரம் பாதி அறுத்திருக்கும்.”

“அறுத்திருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பாத்தீங்களா?”

“தொறந்து பாருங்க.”

“தொறக்கறதுன்னா? நிறுத்தணும். மேல கேக்கணும். எத்தனை நாள்னு கேப்பான்.” அதிகாரியின் முகம் இறுகியது. “சீசன் சார் இது. இப்பப் போய் நிறுத்துன்னு சொன்னா என்னைத்தான் முதல்ல நிறுத்துவான்.”

மில்லி அந்த முகத்தைப் பார்த்தார். இனி ஒரு வார்த்தை பெரிதாகச் சொன்னால் அவர் திரும்பிப் போய்விடுவார் என்று தெரிந்தது.

“நாள் கணக்கெல்லாம் வேணாம் சார். ரெண்டு முனையையும் பிரிக்கவே வேணாம். பக்கவாட்டுல கை நுழையற மாதிரி ஒரு மூடி இருக்கு பாருங்க, நான்தான் வெச்சேன். தண்ணிப் பக்கத்து மூடி. அதைக் கழட்டி டார்ச் அடிச்சா ஓரத்துக் குழாய் தெரியும். தேஞ்சிருக்கா இல்லையான்னு பாத்துடலாம். அரைநாள் வேலை.”

“அரைநாளா?”

“அரைநாள்தான்.”

அதிகாரி தலையசைத்தார். “அரைநாள்னா கேட்டுப் பாக்கலாம்.”

அமோனியாவை முழுக்க வடித்துவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும் என்று மில்லி சொல்ல நினைத்தார். வடித்து, கழுவி, மறுபடி நிரப்ப இரண்டு நாள் ஆகும். அரைநாள் என்று இப்போதுதான் சொல்லியிருந்தார். அதிகாரி இன்னும் தலையசைத்துக்கொண்டிருந்தார். ஆலைக்காரர்களுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டார். படியிறங்கி வந்துவிட்டார்.

வீட்டில் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். மச்சினன் கோபத்தை விட்டுவிட்டான்.

“அதிகாரி சொல்றாரு, உங்க மாமா பேசறப்ப மனுஷனைப் பாக்கப் பாவமா இருந்துச்சு, அதுக்காகவே தொறக்கறேங்கறாரு.”

“அவரு எப்பவும் பாவமாத்தான் இருப்பாரு,” என்றாள் அக்கா. “பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் இப்படித்தான் இருந்தாரு. அதைப் பாத்துத்தான் சரின்னேன்.”

மில்லியும் சிரித்தார்.

மேலிடம் சம்மதித்தது. அரைநாள்தானே என்று அமோனியாவை வடிக்கவில்லை. வால்வுகளை மட்டும் மூடினார்கள். சூடான கரைசல் அழுத்தத்தோடு குழாய்களுக்குள்ளேயே நின்றது. உருளையிலிருந்த தண்ணீரை வடியவிட்டார்கள். குழாய்களை வெளியிலிருந்து அணைத்துக்கொண்டிருந்தது அந்தத் தண்ணீர்தான். வாசனை வந்திருக்கும். அங்கே எப்போதும் அந்த வாசனைதான்.

அமோனியாப் பக்கத்து வேலை என்றால் முகமூடி போடுவார்கள், கண்ணாடி போடுவார்கள். தண்ணீர்ப் பக்கத்துக்கு யாரும் போட்டதில்லை. தலையில் ஊற்றிக்கொள்கிற தண்ணீர்தானே என்பார்கள்.

மச்சினன் டார்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். “எங்க மாமா டிராயிங். நான்தான் முதல்ல பாப்பேன்,” என்றானாம். கூட இருந்தவன் பிறகு ஆஸ்பத்திரி நடையில் அழுதுகொண்டே அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசி போல்ட் தளர்ந்ததும், அறுந்த குழாயிலிருந்து உருளைக்குள் கசிந்து நின்ற அமோனியா மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. மச்சினன் முகம் அதற்கு நேராக இருந்தது.

தலையைப் பிடித்து ஓடும் குழாய்த் தண்ணீரில் வைத்திருந்தார்கள். கூப்பிட்ட வண்டி வருகிற வரைக்கும் வைத்திருந்தார்கள்.

டாக்டர் இளம்பெண். உட்கார்ந்து பேசினார். அமிலம் பட்டால் மேலோடு நின்றுவிடும், இது உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்றார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம், இருட்டு தெரியலாம். அதுவும் இப்போது சொல்ல முடியாது. நெஞ்சு தேறிவிடும்.

அவள் வெளியே வந்து நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் கைகளில் இஸ்திரிக் கரி வாசனை இருந்தது. பாதித் தேய்த்த துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

“குழாய் அறுந்திருந்துச்சா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“நீங்க சொன்ன மாதிரியேவா?”

“ஆமா.”

“அரைநாள்னு நீங்களா சொன்னீங்க?”

அவர் தரையைப் பார்த்தார்.

“நானும்தான் போங்க போங்கன்னேன்,” என்றாள். அப்புறம், “நான் போங்கன்னுதான் சொன்னேன். அரைநாள்னு நான் சொல்லல,” என்றாள். குரல் உயரவில்லை. அதன்பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. சோறு போட்டாள், துணி தேய்த்தாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அவர் பக்கத்தில் வந்து நிற்பதை விட்டுவிட்டாள்.

தொழிலாளி பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை என்று விபத்து அறிக்கையில் ஆலை எழுதியது. புதிய கூலருக்கு ஆர்டர் கொடுத்தது. முதலாளி மில்லியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொல்வது வழக்கமில்லை.

“உன் கணக்கு மேல ஒரு குத்தமும் சொல்லல. பம்பை மாத்தினது அவங்கதானே, வாயை மூடிக்கிட்டாங்க. புதுசுக்கும் நம்மகிட்டயே வந்திருக்காங்க.”

“வேற யாராவது போடட்டும் சார்.”

“உன்னை விட்டா யாரு இருக்கா? அவசரம்யா. வேணும்னா வீட்டுல உக்காந்து போடு. பையனையும் பாத்துக்கணும்ல.”

அப்படித்தான் வேலை வீட்டுக்கு வந்தது. முன்னறையில் அவள் தேய்ப்பாள். பெட்டி பலகையில் இறங்குகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். உள்ளறையில் சாப்பாட்டு மேசையில் மில்லி காகிதங்களை விரித்திருப்பார். சுவரோரக் கட்டிலில் மச்சினன் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். கண்களில் கட்டு. கன்னத்தில் தோல் உரிந்து புதுத் தோல் வழவழப்பாக வந்திருந்தது. முதலில் சில வாரங்கள் அவன் பேசவில்லை. பிறகு பேசினான். ரேடியோவை மாற்றச் சொன்னான், ஈ ஓட்டச் சொன்னான், மாமா குளிக்காமல் உட்கார்ந்திருந்தால் மூக்குக்குத் தெரிகிறது என்று அக்காவிடம் புகார் சொன்னான். வேலையைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் மில்லி ஒரு எண்ணை எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதினார். பெரிய பம்பு இருக்கிறது. நெருக்கி வைக்க எந்தத் தடையும் இல்லை. ஒரு நாழிகையில் முடிக்க வேண்டிய கணக்கைக் காலையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார். பென்சில் முனை உடைந்தது.

“மாமா.”

“சொல்லுடா.”

“அந்தக் கூலரா?”

“ஆமா.”

“பழசுல தகடு எவ்வளவு தள்ளி வெச்சிருந்தீங்க?”

“நானூத்தி இருபது.”

“அதெல்லாம் எனக்குப் புரியாது. கையில காட்டுங்க.”

மில்லி எழுந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு கட்டிலில் அவனெதிரே உட்கார்ந்தார். அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். உள்ளங்கைகளை எதிரெதிரே திருப்பி வைத்தார். ஒரு கையை விலக்கினார். நடுவில் ஸ்கேலை வைத்துப் பார்த்துக் கொஞ்சம் சரி செய்தார்.

“இவ்வளவு.”

மச்சினன் அப்படியே வைத்திருந்தான். நடுவில் இருந்த காற்றை எடை போடுவது போலக் கைகளை மெல்ல ஏற்றி இறக்கினான்.

“புதுசுல?”

மில்லி அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து உள்ளே நகர்த்தினார்.

“இவ்வளவு.”

அவன் கைகளைப் பழைய அகலத்துக்கு விரித்தான். மறுபடி நெருக்கினான். விரித்தான். நெருக்கினான். ஒவ்வொரு தடவையும் அளவு ஏறக்குறையச் சரியாக வந்தது.

“இவ்வளவுதானா மாமா?”

மில்லி மணிக்கட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவள் தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். தம்பியின் கைகள் நடுவே நீண்டிருந்தன. தட்டை வைக்க இடமில்லை.

“கையை இறக்குடா. சாப்பிடு.”

“கொஞ்சம் இரு அக்கா. அளவு கலைஞ்சிடும்.”

அவள் தட்டோடு நின்றாள்.